புகைபோக்கி உள்ள வீடு

இருபத்தொன்பது அடி நாலு அங்குலம்.
நாடாவின் மறுமுனையைச் சிவநேசமலர் பிடித்திருக்கிறாள்.
கிழக்குச் சுவர் முடிகிற இடத்தில்
ஒரு வீரை மரம் தொடங்கிவிடுகிறது.
மரத்தையும் அளப்பதா அக்கா என்கிறாள்.
கடைசியில் பார்ப்போம்.

ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே,
குளக்கட்டிலிருந்து கூப்பிடு தூரம்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில்
குளம் திருத்த வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் கட்டியது.
தகப்பன் வீட்டை
மனதில் மடித்துக் கொண்டுவந்திருக்கவேண்டும்:
நடுவில் கூடம்,
வலமும் இடமும் எண்ணி வைத்த யன்னல்கள்,
முகப்புக்கு முக்கோண நெற்றி,
வேலைக்காரர் கண்ணில் படாமல் வந்துபோகப்
பின்னால் ஒடுங்கிய ஒரு நடை.
ஒரு அடி பத்து அங்குலம்.
தட்டைத் தூக்கிக்கொண்டு
பக்கவாட்டாகத்தான் போகலாம்.

செங்கல், குளத்து மண்.
தீராந்தி முதிரை, நிலைகள் பாலை.
சுண்ணாம்பு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து
மாட்டுவண்டிலில் வந்த சிப்பி.
சீமையிலிருந்து வந்தது ஒன்றுதான்:
குளிருக்குப் பயம்.

அதனால் கூடத்தின் மேற்குச் சுவரில்
ஒரு கணப்படுப்பு.
நாலடி அகலம், மூன்றடி உயரம்,
ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற புகைபோக்கி.
சித்திரையில் காகம்கூட
வாய் பிளந்து நிற்கிற ஊரில்.

கச்சேரிக் கோப்பில் அவருடைய கடிதம் ஒன்று இருக்கிறது,
மூன்றாம் நத்தாருக்கு மறுநாள் எழுதியது.
அடுப்பை மூட்டினோம்,
விருந்தினர் விறாந்தைக்குப் போய்விட்டார்கள்.
அதன்பிறகு விறகுக் கணக்கே இல்லை.
அடுத்த மாரியில் காய்ச்சல், மனைவி.
அதற்கடுத்த மாரியில் மாற்றல்.

வெள்ளையைச் சுரண்டினால் மஞ்சள், காட்டிலாகா.
மஞ்சளின் மேல் நீலம், மலேரியா மருந்துச்சாலை.
நீலத்தின் மேல் ஒரு பச்சை.
அந்தப் பச்சையின் மேல் இன்னொரு பச்சை.
இரண்டு பச்சையையும்
'பிற்காலப் பூச்சு' என்று எழுதினால் போதும் என்றார்கள்.

அடுப்புக்குள் தலையை நுழைத்து அண்ணாந்தேன்.
சதுரமாய் ஒரு துண்டு வானம்.
சுவரில் கரி, ஒரு விரற்கடை தடிப்பு.
ஒரு நத்தாருக்கு இவ்வளவு பிடிக்காது.

இரண்டாயிரத்து எட்டு. கார்த்திகை.
தறப்பாளைக் காற்று கொண்டுபோன இரவு
பதினேழு குடும்பம் இந்தக் கூடத்துக்குள் வந்தோம்.
மேலே வண்டு சுற்றிக்கொண்டிருந்தது,
வெளியே நெருப்புக் காட்டக்கூடாது.
யன்னல் பலகைகளை உடைத்து
(வலம் இடம் எண்ணவில்லை)
பூலோகம் மாமாதான் மூட்டினார்.
ஈர விறகு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.
புகை வரவில்லை.
அது தன்பாட்டில் மேலே போயிற்று.
வெள்ளைக்காரனின் கணக்குப் பிழையில்லை,
நூற்றிருபத்திரண்டு வருடம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.
கஞ்சிக்கு வரிசை அந்த ஒடுங்கிய நடையில் நின்றது.
எனக்கு ஒன்பது வயது.
பக்கவாட்டாக நின்றேன், போத்தல் மூடியில் உப்போடு.
எட்டு நாள்.
பிறகு கிழக்கே போனோம்,
பதினேழும்.

எத்தனை திரும்பியது என்பதற்கு
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர்.
மூல நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்கிறார்,
எண்பத்தாறில் இருந்தபடி.
கரியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க
சதுர அடிக்கு எவ்வளவு போடலாம்?
நான் தொகை சொன்னேன்.
பிறகு, இது கூலிக்கு மட்டும் என்றேன்.
அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அக்கா, கன்னத்தில் கரி, என்கிறாள் சிவநேசமலர்.
இருக்கட்டும், எழுது.
புகைபோக்கி: நல்ல நிலை. இழுக்கிறது.
சோதித்ததா என்று கேட்பார்களே?
எழுது.
வீரை மரம்,
சுற்றளவு ஒன்றே முக்கால் அடி.